போஸ்ட்கிரெஸ் டிபிஏ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான (டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகிகளுக்கான) பக்கம் இது. வேறு சொல்லாத இடங்களில் வெர்ஷன் 14 முதல் 18 வரை பொருந்தும். கட்டளைகளையும் செட்டிங் பெயர்களையும் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறோம். செட்டிங், வியூ, ஃபங்ஷன் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கப் தினமும் ராத்திரி ஓடுகிறது. பிழை என்று மெயில் எதுவும் வருவதில்லை. அது போதாதா?

போதாது. மெயில் வரவில்லை என்றால் பேக்கப் சரியாக ஓடியிருக்கலாம், மெயிலே ஓடாமலும் இருக்கலாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டிருக்கிறது. ரெப்ளிகாவை, அதாவது பிரைமரி எனப்படும் முதன்மைச் சர்வரைத் தொடர்ந்து நகலெடுக்கும் சர்வரை, மறுபடி அமைக்க முயன்ற பொறியாளர், ரெப்ளிகா என்று நினைத்துப் பிரைமரியின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. டம்ப் ஃபைல்களை, அதாவது பிஜி டம்ப் என்ற புரோகிராம் டேட்டாவை எழுதிவைக்கும் பேக்கப்புகளை, தேடிப் போனால் இடம் காலி. சர்வர் 9.6, டம்ப் எடுக்க ஓடிய புரோகிராம் 9.2. தன்னைவிடப் புதிய மேஜர் வெர்ஷன் சர்வரிலிருந்து பிஜி டம்ப் எடுக்காது, பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழையைச் சொல்ல வேண்டிய மெயில்கள் டிமார்க் என்ற மெயில் அனுப்புநர் சரிபார்ப்பில் சிக்கித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) கடைசியில் கைகொடுத்தது.

பேக்கப் நன்றாக இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, அதை ரீஸ்டோர் செய்து பார்ப்பது. வாரம் ஒருமுறை வேறொரு மெஷினில் தானாக ரீஸ்டோர் ஆகும்படி ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ரீஸ்டோர் முடிந்ததும் முக்கியமான இரண்டு மூன்று டேபிள்களில் கடைசி வரியின் தேதியைப் பார்த்து, அது 24 மணி நேரத்துக்கு மேல் பழையது என்றால் அலாரம் அடிக்கட்டும். ரீஸ்டோருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்து வையுங்கள். "எப்போது சரியாகும்?" என்று மேலதிகாரி கேட்கும்போது சொல்ல அந்த ஓர் எண்தான் இருக்கும்.

ஸ்கிரிப்டில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. டம்ப் வெளியீட்டைப் பைப் போட்டு, சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்கு அனுப்பினால், ஷெல் தரும் எக்ஸிட் கோடு (பூஜ்யம் என்றால் வெற்றி) ஜிஜிப்பினுடையது. டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் பூஜ்யம் தரும், ஸ்கிரிப்ட் வெற்றி என்று எழுதும். பேஷில் பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போடுங்கள். அல்லது பைப்பே வேண்டாம் என்று கஸ்டம் ஃபார்மேட்டில் எடுங்கள், சுருக்குவதை அதுவே பார்த்துக்கொள்ளும். கூடவே பிஜி டம்ப்ஆல் கட்டளையை குளோபல்ஸ் ஒன்லி ஆப்ஷனுடன் ஓட்டி, யூசர்களையும் ரோல்களையும் தனியே எடுத்து வையுங்கள். ஒற்றை டேட்டாபேஸ் டம்ப்பில் அவை வராது.

டம்ப் எடுப்பதா, பேஸ் பேக்கப் எடுப்பதா?

50 ஜிபிக்குள் இருந்து, ஒரு நாள் டேட்டா போனால் தாங்கும் என்றால் டம்ப் போதும். அதற்கு மேல் என்றால் பேஸ் பேக்கப்பும் (டேட்டா ஃபோல்டரின் முழு நகல்) வால் ஆர்க்கைவும் (ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் வால் ஃபைல்களின் சேமிப்பு) வேண்டும். அப்போதுதான் மதியம் 2:41 மணிக்கு இருந்த நிலைக்குத் திரும்ப முடியும். ஆர்க்கைவ் கமாண்டைச் சொந்தமாக எழுதாமல் பிஜி பேக்ரெஸ்ட், பார்மன் போன்ற கருவிகளைப் பயன்படுத்துங்கள். வால் ஃபைல் ஒன்று 16 எம்பி. போக்குவரத்து குறைந்த சர்வரில் அது நிரம்ப மணிக்கணக்காகும், நிரம்பாத ஃபைல் ஆர்க்கைவுக்குப் போகாது. ஆர்க்கைவ் டைம்அவுட்டை 300 நொடி என்று வைத்தால் அதிகபட்ச இழப்பு சுமார் ஐந்து நிமிடத்தில் நிற்கும்.

ரெப்ளிகா இருக்கும்போது பேக்கப் எதற்கு?

பிரைமரியில் ஓடிய தவறான டெலீட், அடுத்த நொடியில் ரெப்ளிகாவிலும் ஓடிவிடும்.

டிஸ்க் 100 சதவீதம். பார்த்தால் பிஜி வால் ஃபோல்டர் மட்டும் 200 ஜிபி. பழைய ஃபைல்களை அழித்துவிடலாமா?

கூடாது. ஃபோல்டர் பெயரில் லாக் என்ற சொல் இருந்ததால் வெறும் லாக் ஃபைல் என்று எண்ணிப் பலர் அழித்த காரணத்தால்தான் வெர்ஷன் 10-இல் எக்ஸ்லாக் என்ற பெயரையே வால் என்று மாற்றினார்கள். கிராஷ் ஆன சர்வர் எழுந்திருக்கத் தேவையானவை அந்த ஃபைல்கள்தான்.

மேக்ஸ் வால் சைஸ் 1 ஜிபி என்று இருக்க, 200 ஜிபி எப்படி வந்தது என்று குழம்ப வேண்டாம். அது கறாரான எல்லை அல்ல. ஃபைலைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

ஆர்க்கைவ் தோற்றுக்கொண்டிருக்கலாம். பிஜி ஸ்டாட் ஆர்க்கைவர் வியூவில் ஃபெயில்டு கவுன்ட் ஏறிக்கொண்டே போனால் அதுதான். ஆர்க்கைவ் போகும் டிஸ்க் நிரம்பியிருக்கும், அல்லது கீ காலாவதியாகியிருக்கும். அதைச் சரிசெய்தால் போதும், தேங்கியவை தாமாகவே போய்விடும்.

அல்லது கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட், அதாவது ஒரு ரெப்ளிகா படித்து முடிக்கும் வரை வால் ஃபைல்களைப் பிடித்துவைக்கும் பதிவு. யாரோ ஒரு ரெப்ளிகாவையோ மாற்றங்களை வேறு அமைப்புக்கு அனுப்பும் டெபீசியம் கனெக்டரையோ நிறுத்திவிட்டு ஸ்லாட்டை மறந்திருப்பார்கள். பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ் வியூவில் ஆக்டிவ் என்பது ஃபால்ஸ் என்றும், ரீஸ்டார்ட் எல்எஸ்என் (வாலில் அந்த ஸ்லாட்டுக்குத் தேவையான தொடக்க இடம்) பழையதாகவும் இருக்கும் ஸ்லாட்டைத் தேடுங்கள். யாருக்கும் வேண்டாம் என்று உறுதிசெய்துகொண்டு, பிஜி டிராப் ரெப்ளிகேஷன் ஸ்லாட் கொண்டு நீக்கிவிட்டு, செக்பாயின்ட் கட்டளையைக் கொடுங்கள். இடம் திரும்பக் கிடைக்கும்.

இடமே இல்லாமல் சர்வர் பேனிக் ஆகி விழுந்துவிட்டது என்றால், டிஸ்க்கைப் பெரிதாக்குங்கள். முடியாவிட்டால், சர்வர் நின்றிருக்கும் நிலையில் அந்த ஃபோல்டரை அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி சிம்லிங்க் போடுங்கள். இனி வராமல் இருக்க, மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் என்ற செட்டிங்கை உங்கள் டிஸ்க்குக்கு ஏற்ப 50 ஜிபி போல வையுங்கள். இயல்பான மதிப்பு மைனஸ் 1, அதாவது எல்லையே இல்லை. எல்லை தாண்டினால் ரெப்ளிகாவை மறுபடி அமைக்க வேண்டிவரும். பிரைமரி விழுவதைவிட அது பரவாயில்லை. அதே டிஸ்க்கில் 2 ஜிபிக்கு ஒரு டம்மி ஃபைலையும் போட்டு வைக்கலாம். நெருக்கடியில் அதை அழித்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஆட்டோவேக்கும் ஓடும்போதெல்லாம் சர்வர் திணறுகிறது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். அப்டேட், டெலீட் விட்டுப்போகும் செத்த வரிகளை அகற்றும் வேலைதான் வேக்கும், அதைத் தானாக ஓட்டுவது ஆட்டோவேக்கும். திணறினால் அடிக்கடி ஓட விடுங்கள், ஒவ்வொரு முறையும் வேலை குறைவாக இருக்கும். இயல்பான கணக்கு: செத்த வரிகள் 50-ஐயும் டேபிளின் 20 சதவீதத்தையும் சேர்த்த அளவைத் தாண்டினால் வேக்கும் தொடங்கும். பத்துக் கோடி வரி உள்ள டேபிளில் இரண்டு கோடி வரி சாகும் வரை எதுவும் நடக்காது. பிறகு ஒரேயடியாக வந்து டிஸ்க்கை ஆக்கிரமிக்கும். பெரிய டேபிள்களுக்கு மட்டும் ஆல்டர் டேபிள் வழியாக ஆட்டோவேக்கும் வேக்கும் ஸ்கேல் ஃபேக்டரை 0.01 ஆக்குங்கள்.

வொர்க்கர் (வேக்கும் ஓட்டும் புராசஸ்) எண்ணிக்கையை 3-இலிருந்து 6 ஆக்கிவிட்டு வேகம் கூடவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. காஸ்ட் லிமிட் (ஓய்வெடுக்கும் முன் செய்யும் வேலையின் அளவு) 200 என்பது எல்லா வொர்க்கர்களுக்கும் சேர்த்து. ஆளைக் கூட்டினால் பங்குதான் குறையும். லிமிட்டை 1000, 2000 என்று ஏற்றுங்கள். இன்றைய எஸ்எஸ்டி தாங்கும்.

நிறுத்தி வைத்தால் டேபிள் பெருப்பதோடு முடியாது. டிரான்சாக்ஷன் ஐடி 32 பிட் எண், தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து சுற்றும். சுமார் 200 கோடி டிரான்சாக்ஷனுக்குள் பழைய வரிகளை வேக்கும் உறையவைத்தாக வேண்டும் (இனி ஐடி பார்க்கத் தேவையில்லை என்று குறிப்பது). 20 கோடி டிரான்சாக்ஷன் வயதானால், ஆட்டோவேக்கும் நிறுத்தப்பட்டிருந்தாலும் சர்வர் தானே கட்டாய வேக்குமைத் தொடங்கும். அதுவும் முடியாமல் போய் 4 கோடி மிச்சம் என்ற நிலை வந்தால் எச்சரிக்கை எழுதும். 30 லட்சம் மிச்சம் என்றால் புதிய எழுத்து வேலை எதையும் ஏற்காது. 2015-இல் சென்ட்ரி, 2019-இல் மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் சேவை இரண்டும் இப்படித்தான் முடங்கின. ஏஜ் ஃபங்ஷனில் பிஜி டேட்டாபேஸ் கேட்டலாகின் டாட்ஃப்ரோசன்எக்ஸ்ஐடியை (ஒரே சொல்) கொடுத்துத் தினமும் பாருங்கள், 50 கோடியில் அலாரம் வையுங்கள்.

வேக்கும் ஓடுகிறது, ஆனால் செத்த வரிகள் குறையவே இல்லை. ஏன்?

அந்த வரிகளைப் பார்க்கக்கூடிய பழைய டிரான்சாக்ஷன் ஒன்று எங்கோ திறந்திருக்கிறது. பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் எக்ஸ்ஆக்ட் ஸ்டார்ட் வரிசைப்படி பாருங்கள். "ஐடில் இன் டிரான்சாக்ஷன்" என்று மூன்று நாளாக நிற்கும் ஒன்று தென்படும். அங்கே இல்லையென்றால் பிஜி பிரிப்பேர்டு எக்ஸ்ஆக்ட்ஸ், பிறகு ரெப்ளிகேஷன் ஸ்லாட்டுகள், பிறகு ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் போட்ட ரெப்ளிகாவில் ஓடும் நீண்ட ரிப்போர்ட். ஐடில் இன் டிரான்சாக்ஷன் செஷன் டைம்அவுட்டை அப்ளிகேஷன் யூசருக்கு 5 நிமிடம் என்று வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

ஏற்கெனவே பெருத்துவிட்ட டேபிளுக்கு வேக்கும் ஃபுல் கொடுத்தால், முடியும் வரை யாரும் அதைப் படிக்கவும் முடியாது, புதிய பிரதிக்குத் தனி இடமும் வேண்டும். பிஜி ரீபேக் நல்ல மாற்று. டேபிளில் பிரைமரி கீ அல்லது நல் (வெற்று மதிப்பு) இல்லாத யூனிக் இண்டெக்ஸ் இருக்க வேண்டும், இடம் இதற்கும் அவ்வளவே வேண்டும்.

ஒரு ஃபீல்டு சேர்க்கும் சின்ன ஆல்டர் டேபிள்தான். சைட் முழுவதும் பத்து நிமிடம் நின்றுவிட்டதே?

ஆல்டர் மில்லிநொடியில் முடிந்திருக்கும். அதற்குப் பூட்டு கிடைக்கத்தான் பத்து நிமிடம். யாரோ அந்த டேபிளில் நீண்ட செலக்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆல்டருக்கு வேண்டியது ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ் பூட்டு, ஆகவே அந்த செலக்ட் முடியும் வரை அது வரிசையில் நின்றது. அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொரு சாதாரண செலக்ட்டும் ஆல்டரைத் தாண்டிப் போக முடியாமல் அதன் பின்னே நின்றது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் ஒருவர் கார்டைத் தேடிக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவர்கள் கதி என்னவோ, அதுதான்.

தீர்வு, ஆல்டருக்கு முன் அதே செஷனில் லாக் டைம்அவுட்டை 3 நொடி என்று வைப்பது. கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளும், அரை நிமிடம் கழித்து மறுபடி முயலுங்கள். இப்போதே நின்றுகொண்டிருக்கிறது என்றால் பிஜி பிளாக்கிங் பிட்ஸ் ஃபங்ஷன் யார் யாரைத் தடுக்கிறார் என்று காட்டும். முதலில் பிஜி கேன்சல் பேக்எண்ட், அசையாவிட்டால் பிஜி டெர்மினேட் பேக்எண்ட். லினக்ஸில் கில் மைனஸ் 9 மட்டும் வேண்டாம். ஒரு புராசஸை அப்படிக் கொன்றால் ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம் என்று கருதி, சர்வர் எல்லாக் கனெக்ஷனையும் துண்டித்து ரெகவரியில் போய் நிற்கும்.

எந்த ஆல்டர் நிஜமாகவே நேரம் பிடிக்கும்? இன்டீஜரை பிக்இன்ட் ஆக்குவது டேபிள் முழுவதையும் திரும்ப எழுதும். நிலையான டீஃபால்ட்டோடு ஃபீல்டு சேர்ப்பது வெர்ஷன் 11 முதல் எழுதாது. நாட் நல் சேர்க்க, முதலில் செக் கன்ஸ்டிரெய்ன்டை நாட் வேலிட் என்று சேர்த்து, பிறகு வேலிடேட் செய்து, அதன் பிறகு நாட் நல் போடுங்கள். ஏற்கெனவே சரிபார்த்ததால் டேபிளை மறுபடி படிக்காது. ஃபாரின் கீக்கும் (தாய் டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்டு) இதே இரண்டு படி.

பெரிய டேபிளில் இண்டெக்ஸ் போட?

கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி. டிரான்சாக்ஷனுக்குள் இது ஓடாது, மைக்ரேஷன் கருவியில் அந்த ஆப்ஷனை அணைக்க வேண்டும். பாதியில் தோற்றால் இன்வேலிட் இண்டெக்ஸ் ஒன்றை விட்டுப்போகும். குவெரிக்கு உதவாது, ஆனால் ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் செலவு வைக்கும். பிஜி இண்டெக்ஸ் கேட்டலாகில் இண்டிஸ்வேலிட் ஃபால்ஸ் என்று இருப்பவற்றை டிராப் செய்து மறுபடி போடுங்கள். ஃபாரின் கீ ஃபீல்டுக்கு போஸ்ட்கிரெஸ் தானாக இண்டெக்ஸ் போடாது. தாய் டேபிளில் டெலீட் மெதுவாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

"டூ மெனி கிளையன்ட்ஸ்" என்று வருகிறது. மேக்ஸ் கனெக்ஷன்ஸை 1000 ஆக்கிவிடலாமா?

ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி புராசஸ். 16 கோர் மெஷினில் ஒரே சமயம் 1000 பேர் வேலை செய்ய முடியாது, ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். முன்னால், கனெக்ஷன்களைப் பகிர்ந்துகொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்சாக்ஷன் மோடில் வையுங்கள். ஆயிரம் கிளையன்ட்டுகளுக்குப் பின்னால் 40 நிஜக் கனெக்ஷன் தாராளம். செஷன் அளவிலான செட், அட்வைசரி லாக், லிசன் ஆகியவை அந்த மோடில் நம்பகமாக ஓடாது, டெவலப்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூப்பர்யூசருக்கு ஒதுக்கிய 3 இடங்களை அப்ளிகேஷன் தின்றுவிட்டால் நீங்களே உள்ளே போக முடியாது. அப்ளிகேஷனை சூப்பர்யூசராக ஓடவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

64 ஜிபி ரேம். மெமரி செட்டிங் எப்படி?

ஷேர்டு பஃபர்ஸ் 16 ஜிபி, எஃபெக்டிவ் கேஷ் சைஸ் 48 ஜிபி. இரண்டாவது எதையும் ஒதுக்காது, குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானருக்கான தகவல் மட்டுமே. மெயின்டனன்ஸ் வொர்க் மெம் 1 ஜிபி.

ஆபத்து வொர்க் மெம்மில்தான். இது கனெக்ஷனுக்கு ஒன்று அல்ல, குவெரிக்குள் இருக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹாஷுக்கும் ஒன்று. 64 எம்பி என்று வைத்து, 200 கனெக்ஷன் தலா இரண்டு சார்ட் போட்டால் 25 ஜிபி போய்விடும். ஹாஷ் என்றால் வெர்ஷன் 15 முதல் அதிலும் இரட்டிப்பு வரை அனுமதி. பொதுவாக 16 எம்பி வைத்துவிட்டு, ரிப்போர்ட் யூசருக்கு மட்டும் ஆல்டர் ரோல் மூலம் 256 எம்பி கொடுங்கள்.

எந்தக் குவெரியைச் சரிசெய்வது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, டோட்டல் எக்ஸெக் டைம் வரிசையில் பாருங்கள். சராசரி நேரத்தின்படி பார்த்தால் மாதம் ஒருமுறை ஓடும் ரிப்போர்ட்தான் மேலே நிற்கும். 2 மில்லிநொடி எடுக்கும் குவெரி ஒரு நாளைக்கு 50 லட்சம் முறை ஓடினால் 10,000 நொடி. குறைக்க வேண்டியது அதை.

பிறகு எக்ஸ்பிளெய்ன் அனலைஸ், பஃபர்ஸ் ஆப்ஷனுடன். இது குவெரியை நிஜமாகவே ஓட்டும் என்பதால் அப்டேட், டெலீட் என்றால் பிகின், ரோல்பேக் நடுவே வையுங்கள். பிளானர் எதிர்பார்த்த வரி எண்ணிக்கையும் நிஜ எண்ணிக்கையும் எங்கே முதலில் பிரிகின்றன என்று அடியிலிருந்து பாருங்கள். 10 என்று நினைத்தது 10 லட்சமாக வந்திருந்தால் கோளாறு அங்கேதான். டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்க அனலைஸ் ஓட்டுங்கள். மாவட்டமும் பின்கோடும் போல ஒன்றையொன்று சார்ந்த ஃபீல்டுகள் என்றால் கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ். எஸ்எஸ்டி மெஷினில் ரேண்டம் பேஜ் காஸ்ட் இன்னும் 4 என்றே இருந்தால் 1.1 ஆக்குங்கள்.

தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும்போது நீளம், வரிசை, தேடல் மூன்றும் தகராறு செய்கின்றன. என்ன செய்வது?

நீளம்: வார்கேர் கணக்கிடுவது யூனிகோட் குறிகளை, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை அல்ல. "கோபாலகிருஷ்ணன்" பார்வைக்கு 8 எழுத்து, கேர் லெங்த் கொடுப்பது 14, பைட்டை எண்ணும் ஆக்டெட் லெங்த் கொடுப்பது 42. ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து வார்கேர் 20 என்று வைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெக்ஸ்ட் என்றே வைத்துவிடுங்கள்.

வரிசை: சி கொலேஷனில் (கொலேஷன் என்பது எழுத்து வரிசை விதி) யூனிகோட் எண் வரிசைதான் வரும். அதில் ழ முன்னால், வ பின்னால். ஆகவே "கழனி" முதலிலும் "கவி" அடுத்தும் வரும். ஜ, சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே போய் உட்காரும். ஆர்டர் பையில் ஐசியூ லைப்ரரி தரும் தமிழ்க் கொலேஷனைக் குறிப்பிட்டால் நாம் பழகிய வரிசை கிடைக்கும். அடிக்கடி வரிசைப்படுத்தும் ஃபீல்டு என்றால் அதே கொலேஷனில் இண்டெக்ஸும் போடுங்கள்.

தேடல்: "கோ" என்பதை ஓகாரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், பைட்டில் வேறு. தேடினால் கிடைக்காது, யூனிக் இண்டெக்ஸும் இரண்டையும் அனுமதிக்கும். உள்ளே வரும்போதே நார்மலைஸ் ஃபங்ஷனால் என்எஃப்சி என்ற இணைந்த வடிவுக்கு மாற்றி, செக் கன்ஸ்டிரெய்ன்ட் ஒன்றையும் போடுங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் "ள" எழுத்தும் அடிப்பவர்களை என்எஃப்சி திருத்தாது. அதற்குத் தனியாக ரீப்ளேஸ் எழுத வேண்டும்.

ஓஎஸ்ஸை மட்டும்தான் மாற்றினோம். யூனிக் ஃபீல்டில் இரட்டை வரிகள் எப்படி வந்தன?

லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2.28 வெர்ஷன், 2018-இல் வந்தது, எழுத்து வரிசை விதிகளைப் பெருமளவு மாற்றியது. டெபியன் 9-இலிருந்து 10, ரெட்ஹேட் 7-இலிருந்து 8, உபுண்டு 18.04-இலிருந்து 20.04 என்று மாறியவர்கள் இதைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். இண்டெக்ஸ் பழைய வரிசையில் எழுதப்பட்டது, தேடல் புதிய வரிசையில் நடக்கிறது. இருக்கும் வரி கண்ணில் படாது, அதனால் இன்னொன்று உள்ளே நுழையும். டெபியன் அடிப்படை டாக்கர் இமேஜிலிருந்து ஆல்பைனுக்கு அதே டேட்டா ஃபோல்டரை மாற்றினாலும் இதே கதி. இண்டெக்ஸ் கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் பிஜி ஏஎம்செக் ஓட்டிப் பாருங்கள். இரட்டைகளை நீக்கிவிட்டு டெக்ஸ்ட் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள். ரிஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் கட்டளை எச்சரிக்கையை மட்டுமே மறைக்கும், எதையும் சரிசெய்யாது. அதைக் கடைசியில் கொடுங்கள்.

வெர்ஷன் அப்கிரேட்?

மைனர் வெர்ஷன் என்றால் பேக்கேஜை மாற்றி ரீஸ்டார்ட், தள்ளிப்போட ஏதும் இல்லை. மேஜர் வெர்ஷன் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. பிஜி அப்கிரேடை முதலில் செக் ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். ஃபைல்களை நகலெடுக்காமல் பகிரும் லிங்க் ஆப்ஷன் நிமிடங்களில் முடியும், ஆனால் புதிய சர்வர் ஒருமுறை எழுந்துவிட்டால் பழையதற்குத் திரும்ப வழியில்லை. 18-க்கு முந்தைய வெர்ஷனுக்குப் போகிறீர்கள் என்றால் ஸ்டாடிஸ்டிக்ஸ் கூட வராது. வேக்கும்டிபியை அனலைஸ் இன் ஸ்டேஜஸ் ஆப்ஷனுடன் ஓட்டாமல் டிராஃபிக்கைத் திறந்தால் எல்லாக் குவெரியும் கண்ணை மூடிக்கொண்டு ஓடும்.

வேர் நிபந்தனை (எந்த வரிகள் என்று சொல்லும் பகுதி) போடாமல் டெலீட் ஓட்டிவிட்டார்கள். இப்போது?

கமிட் ஆகவில்லை என்றால் ரோல்பேக். ஆகிவிட்டது என்றால், முதலில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்ளிகேஷன் அந்த டேபிளில் எழுதுவதை நிறுத்துங்கள். ரெகவரி மின் அப்ளை டிலே ஒரு மணி என்று வைத்த தாமத ரெப்ளிகா இருந்தால் அதில் உடனே பிஜி வால் ரீப்ளே பாஸ் கொடுத்து, டேபிளை டம்ப் எடுத்துவிடலாம். இல்லையென்றால் வேறு மெஷினில் பேஸ் பேக்கப்பை விரித்து, ரெகவரி டார்கெட் டைமை டெலீட்டுக்கு ஒரு நிமிடம் முன்பாக, டைம்ஜோனோடு சேர்த்து எழுதி, ரெகவரி சிக்னல் ஃபைலை வைத்துத் தொடங்குங்கள். சர்வர் யூடிசியிலும் நீங்கள் ஐஎஸ்டியிலும் இருந்து டைம்ஜோனை விட்டுவிட்டால் குறி ஐந்தரை மணி நேரம் தவறும். இலக்கை எட்டியதும் அது பாஸ் நிலையில், படிக்க மட்டும் திறந்து நிற்கும். வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்த டேபிளை மட்டும் டம்ப் எடுத்து, பிரைமரியில் வேறு பெயரில் ஏற்றி, விடுபட்ட வரிகளை இன்சர்ட் செலக்ட் மூலம் சேருங்கள். நேரே பழைய டேபிளின் மேல் ஏற்றினால், டெலீட்டுக்குப் பிறகு புதிதாக வந்த வரிகளோடு மோதும்.